எழுபதைத் தொட்டால் ஆடும் வண்டி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். நாமெல்லாம் தவுக்கே என்று கூப்பிடும் அதே மனிதர்தான். மலாயில் எழுத எனக்குக் கை வராது. தமிழில் எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ரவாங்கில் உள்ள இந்தப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளின் கால்களை மட்டுமே பார்த்துவந்தவன் நான். ஸ்ப்ரிங், ஸ்டீயரிங், சக்கரம், அவ்வளவுதான் என் உலகம். எதை எத்தனை திருகு திருக வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கைப்பேசி என்னைவிடப் பொறுமையாகச் சொல்லும். எனக்குக் கடைசிவரை பிடிபடாமல் போன ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். பாதி இன்றைக்கும் பிடிபடவில்லை. தெரிந்ததை எழுதினால் எனக்குப் பெருமை, தெரியாததை எழுதினால் உங்களுக்குப் பிரயோசனம் என்று நினைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

உயரம் ஏற்றிய ஃபோர்வீல் வண்டிகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சனி ஞாயிறில் கோலா குபு பாரு பக்கம் ஆற்றில் இறக்கி ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், திங்கட்கிழமை நம்மிடம் வந்து, “பாஸ், நெடுஞ்சாலையில ஒரு மாதிரி மிதக்குது” என்பார்கள். சேற்றுக்குப் போட்ட பூட்ஸோடு கல்யாண மண்டபத்தில் ஓட ஆசைப்படுகிறவர்கள் என்று நான் அவர்களைக் கிண்டல் செய்வதுண்டு. லெட்சுமியும் அந்த வகை வண்டியில்தான் வந்தார். ஆனால் அவருக்கு அது விளையாட்டு வண்டி இல்லை.

லெட்சுமி கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஐம்பது அறுபது பேரை வேலை வாங்குகிறவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கணவர் மணியம் லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் ரவாங்குக்கு வந்து, நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் உள்ள தோட்டப் பாதை வெறும் சேறு. வாடகைக் கார் உள்ளே வராது. மோட்டார் சைக்கிளில் அவரை வைத்து ஓட்ட முடியாது. அதற்காகவே லெட்சுமி ஒரு பழைய ஃபோர்வீலை வாங்கியிருந்தார். முன்பு வைத்திருந்தவர் அதை நாலு அங்குலம் தூக்கி, பல் பல்லாக இருக்கும் பெரிய டயரை மாட்டியிருந்தார்.

“சேத்துல யானை மாதிரி போவுது அண்ணே,” என்றார் லெட்சுமி. “தார் ரோட்டுல ஏறி எழுபதத் தொட்டா ஸ்டீயரிங் கையில நிக்கமாட்டேங்குது. மொத்த வண்டியும் ஆடுது. பக்கத்துல இவரு கண்ண மூடிக்கிறாரு. இதச் சரி பண்ணு, இல்லாட்டி நான் ஏறமாட்டேன்னு சொல்லிட்டாரு.”

“அறுபதுல போங்களேன்.”

“போனேன். அறுபதுலயும் அங்க இங்க இழுக்குது. மெதுவா போயிப் போயி லேட்டாயிட்டா நாற்காலிய அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க அண்ணே.”

எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டதாக நினைத்தேன். வண்டியை ஸ்ப்ரிங் வைத்துத் தூக்கினால் முன் அச்சு கொஞ்சம் முன்னால் கவிழும். அப்போது சக்கரம் தானாக நேர்ப்பாதைக்குத் திரும்பி வரும் குணத்தை இழந்துவிடும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டும் கோணலாகும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். புஷ் மாற்றி அச்சைப் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்தேன், தண்டை நேராக்கினேன். மணியம் நாற்காலியில் இருந்த அந்த நான்கு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. பத்தாங் காலி வரை ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூறில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகலாம் போல் இருந்தது. சரியாகிவிட்டது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது. “அண்ணே, இப்பவும் ஆடுது.”

இரண்டாவது முறை அவர் தனியாக வந்தார். மணியம் சொன்னபடியே ஏற மறுத்துவிட்டார், ஒரு முறை சிகிச்சை தவறிவிட்டது. வண்டி பளபளவென்று இருந்தது. தோட்டத்து வண்டியை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பேலன்சிங் செய்தேன். ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் அப்சோர்பரைப் புதிதாகப் போட்டேன். மூட்டுகளை எல்லாம் அசைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் தளர்ச்சி இல்லை. மறுபடியும் பத்தாங் காலி வரை ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போனது. இந்த வண்டியில் குறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

அப்போதுதான் நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

“ஆட ஆரம்பிச்சதும் நீங்க பிரேக்க ஓங்கி மிதிக்கிறீங்களா? ஸ்டீயரிங்கை ரொம்ப இறுக்கிப் புடிக்கிறீங்களா?”

லெட்சுமி என்னைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உண்மையை ஒத்துக்கொள்கிறேன், ஓட்டுகிறவர் ஒரு ஆணாக இருந்திருந்தால் நான் அதைக் கேட்டிருக்க மாட்டேன். குழம்பிப்போனவன் முதலில் தன் கையைச் சந்தேகப்பட மாட்டான். எதிரில் நிற்கிறவரைச் சந்தேகப்படுவான். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள்.

வண்டி திரும்பவும் ஆடியது. மூன்றாவது முறை தவுக்கேயிடம் யோசனை கேட்டேன். உயரத்தைக் குறைத்துவிடு, தொல்லை தீர்ந்துவிடும் என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தெரியவில்லை என்று லெட்சுமியிடம் சொல்லவும் மனம் வரவில்லை. முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு சொல் நாக்கில் வராது. தூக்கிவைத்த ஸ்ப்ரிங்குகளைக் கழற்றிவிட்டுப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். ரோட்டில் வளைவுகளில் கார் மாதிரி திரும்பியது. எனக்கு ஏக சந்தோஷம். “இனிமே ஒரு பிரச்சினையும் வராது,” என்று அடித்துச் சொன்னேன்.

அந்த வாரம் கோலா சிலாங்கூர் பக்கம் விடாத மழை. தோட்டப் பாதையில் டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மண் மேடாக நிற்கும். உயரமாக இருந்தவரை வண்டி அந்த மேட்டைத் தாண்டிப் போனது. இப்போது வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது, நாலு சக்கரமும் காற்றில் சுற்றின. மணியத்தை மனைவி எப்படியோ சமாதானப்படுத்தி உள்ளே உட்கார வைத்திருந்தார். டிராக்டர் வந்து இழுத்து வெளியே எடுப்பதற்குள் அன்றைய நாற்காலி போய்விட்டது. அடுத்த முறையும் அதே கதை. இரண்டு நாள் கழித்து நெஞ்சில் நீர் கோத்து அவருக்கு மூச்சு முட்டியது. டிராக்டரில் படுக்க வைத்துத் தோட்ட வாசல் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்துதான் எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணே, கழட்டுன அந்த ஒசர ஸ்ப்ரிங்க வீசிடாதீங்க. எனக்கு வேணும்,” என்றார்.

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய்ச் சும்மா நின்றேன். ரோட்டில் நன்றாக ஓட வேண்டும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தவன், அந்த வண்டி எதற்காக அந்த வீட்டில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். வண்டியைப் பார்த்தேன், அதில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கவில்லை. மணியம் பிழைத்துக்கொண்டார். அது அவர் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை.

அந்த உயர ஸ்ப்ரிங்குகளைத் திரும்பப் போட்டுக் கொடுத்தபோது, “அடுத்த தடவை அவரக் கூட்டிக்கிட்டுப் போறப்ப நானும் கூட வரட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு அண்ணே? உங்க கையிலதான் நல்லா ஓடுதே,” என்றார் லெட்சுமி. குத்தலாகச் சொன்னாரா, சலிப்பில் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனாலும் வரச் சொன்னார்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்கு அவர்கள் லயத்து வாசலில் நின்றேன். முந்தின நாள் முழுக்கச் செம்பனைக் காட்டுக்குள் வேலைக்குப் போய்வந்த வண்டி அப்படியே நின்றது. கதவு வரைக்கும் சாம்பல் நிறக் களிமண். கடலோரத்துக் களிமண் நம் பக்கத்துச் செம்மண் மாதிரி உதிராது, காய்ந்தால் சிமெண்டுதான். மணியம் முன்சீட்டில் ஏறினார். இளைத்துப்போயிருந்தார். இடது கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. ஏறியதுமே கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

தோட்டப் பாதையைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறினோம். ஐம்பது. அறுபது. எழுபதைத் தொட்டதும் முதலில் ஸ்டீயரிங் துடித்தது. அடுத்து முன்பலகை துடித்தது. அடுத்து என் பற்கள். மணியம் கண்களை மூடிக்கொண்டார். லெட்சுமி எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தார். பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டீயரிங்கை இறுக்காமல் அணைத்துப் பிடித்து, வேகம் தானாக இறங்கும்வரை பொறுத்திருந்து, புல்தரையோரம் நிறுத்தினார். நான் ஓட்டியிருந்தாலும் அதைவிட ஒழுங்காக நிறுத்தியிருக்க முடியாது. அந்தப் பிரேக் கேள்வியை நினைத்து எனக்கு முகம் சுட்டது.

இறங்கினேன். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எல்லாச் சாமானும் நான் போட்டது, எல்லாம் நல்ல சாமான். யோசிப்பதற்காகக்கூட அல்ல, அவர்கள் இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல்தான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். இதை நான் கண்டுபிடித்ததாக உங்களிடம் சிலர் சொல்லியிருப்பார்கள், நம்பாதீர்கள். எழுந்திருக்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது. ஊன்றிக்கொள்ள ரிம்முக்குள் கையை விட்டேன். கை இரும்பில் படவில்லை. களிமண்ணில் பட்டது.

ரிம்மின் உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு பக்கமாக மட்டும் மண் அப்பிக் காய்ந்திருந்தது. ஸ்பேனரால் தட்டினேன். அரைச் செங்கல் அளவுக்கு ஒரு கட்டி விழுந்தது. அடுத்த சக்கரத்தில் அதைவிடப் பெரியது. சக்கரத்தில் ஒரு சின்ன ஈயத்துண்டு கூடினாலோ குறைந்தாலோ வண்டி உதறும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். இங்கே ஒரு பக்கமாகக் கல்லைக் கட்டிக்கொண்டு சக்கரம் சுற்றியிருக்கிறது.

“இத்தன தடவ வண்டி எங்கிட்ட வந்துச்சே, ஒரு தடவ கூட இந்த மண்ண நான் பாக்கலயே,” என்றேன்.

“எப்படி அண்ணே பாப்பீங்க?” என்றார் லெட்சுமி. “கழுவிட்டுத்தான் கொண்டாரணும்னு உங்க பட்டறை வாசல்ல எழுதிப் போட்டிருக்கே. ரவாங் வந்ததும் கார் கழுவுற கடையில வுட்டு, அடியெல்லாம் தண்ணி அடிச்சு, பெறவுதான் உங்ககிட்ட கொண்டாருவேன்.”

அந்தப் பலகையை எழுதி மாட்டியது நான்தான். தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று தவுக்கேயிடம் சண்டை போட்டு, சிவப்பு மையில் என் கையாலேயே எழுதினேன். மூன்று முறையும் வியாதியைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லி, பிறகு வியாதி எங்கே என்று தேடியிருக்கிறேன். இன்றைக்கு நம் வாசலில் அந்தப் பலகை இல்லை. தினமும் சாயங்காலம் தரையிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே நீங்கள் என்னைத் திட்டுவது எனக்குத் தெரியும். காரணம் இதுதான்.

ஆனால் மண்தான் குற்றவாளி என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் குழப்பம் அதற்குப் பிறகுதான் அதிகமானது. பிற்பாடு அந்த வண்டியை நாலு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு இறக்கினேன். தோட்ட மேட்டைத் தாண்டவும் செய்தது, ரோட்டில் சாயவும் இல்லை. பல் குறைந்த டயர் போட்டோம். சேற்றுக்காகக் காற்றைக் குறைத்து வைத்திருந்தார், ரோட்டுக்கு ஏறும் நாளில் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். மண் சுரண்ட ஒரு தகட்டை வளைத்து அவர் கதவோரம் மாட்டிக் கொடுத்தேன். அடுத்த மழைக்காலத்தில், சோதித்துப் பார்ப்பதற்காக, மண்ணைச் சுரண்டாமலே ஓட்டிவரச் சொன்னேன். ரிம் நிறைய மண். வண்டி லேசாக முனகியதே தவிர ஆடவில்லை. அப்படியானால் குறை மண்ணிலா, டயரிலா, உயரத்திலா? மண் மட்டும் இருந்தால் ஆடாது, உயரம் மட்டும் இருந்தால் ஆடாது, எல்லாம் சேர்ந்தால்தான் ஆடும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தவுக்கே டயர்தான் என்று சாதிக்கிறார். எதில் எவ்வளவு என்று கேட்டால் நான் கையை விரித்துவிடுவேன். உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எனக்கு வந்து சொல்லுங்கள், தேத்தண்ணி வாங்கித் தருகிறேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். வண்டி எங்கே கெடுகிறதோ அங்கே போய், யார் ஓட்டும்போது கெடுகிறதோ அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நம் ரோட்டில், நம் கையில், நாம் கழுவிய வண்டி நன்றாக ஓடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதை நான் முதல் நாளே செய்திருந்தால் அந்த மனிதர் டிராக்டரில் படுத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்திருக்க மாட்டார்.

அன்று காலை ரோட்டோரத்தில் நடந்ததை இன்னும் முடிக்கவில்லை. நாலு சக்கரத்திலும் மண்ணைத் தட்டி எடுத்துவிட்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு மணியத்தின் ஜன்னல் பக்கம் போனேன்.

“இப்ப சரியாயிடுச்சு மணியம்,” என்றேன்.

“மூணு தடவையும் இதத்தான் அண்ணே சொன்னீங்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இந்தத் தடவ எனக்கே தெரியல. ஆடுனாலும் ஆடும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்,” என்றேன். முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பின்கதவைக் கண்ணால் காட்டினார். “ஏறுங்க,” என்றார்.

லெட்சுமி வண்டியை ரோட்டில் ஏற்றினார். மணியம் கைப்பிடியை விட்டுவிட்டு, ஊசி குத்தாத வலக்கையை நீட்டி, ஸ்டீயரிங்கின் அடியில் இரண்டு விரலை மட்டும் வைத்தார். லோரி ஓட்டிய கை. லெட்சுமி ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டினார். ஐம்பது. அறுபது. மணியம் முள்ளைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது. எழுபத்தைந்து. எண்பது. ஸ்டீயரிங் சும்மா இருந்தது. இரண்டு வளைவு தாண்டும்வரை விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எத்தன மணிக்கு நாற்காலி?” என்று கேட்டார்.

“பன்னெண்டுக்கு,” என்றார் லெட்சுமி.

“மணி பதினொன்னரை ஆவுது. கொஞ்சம் மிதி லா,” என்றார் மணியம்.

லெட்சுமி மிதித்தார். பின்சீட்டில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது நான்தான்.